குளிர் புகுந்த வண்டி

காஞ்சிபுரத்திலிருந்து ஐயம்பேட்டை போகும் ரோட்டில், வண்டிச் சீட்டு தைக்கிற கலீம் பாயின் குஷன் கடையை ஒட்டி ஒரு காலி மனை இருக்கிறது. அதில் வெள்ளை மங்கி மஞ்சளாகிப்போன ஒரு டெம்போ டிராவலர் வேன் நிற்கும். பகலில் பார்க்கிறவர்கள் விற்பதற்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் உள்ளே ஒரு விளக்கு எரியும். அப்போதுதான் அதில் ஆள் இருப்பது தெரியும்.

அந்த ஆள் திருஞானசம்பந்தம். வயது ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவர் சம்பந்தம்தான். லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் மட்டும் முழுப் பெயரையும் கூப்பிடுவார்கள். அது தன்னைத்தான் என்று உறைக்க அவருக்கு ஒரு நிமிஷம் பிடிக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் குடும்பம். அண்ணன் மாணிக்கவாசகம் தறியில் உட்கார்ந்தார். சம்பந்தத்தால் தறிக்குழியில் காலை இறக்கி ஒரே இடத்தில் இருக்க முடியவில்லை. இளவயதிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். ஒரு பட்டுக் கடையில் வேலை. அந்தக் கடைக்காரர்கள் சேலம், கோயமுத்தூர், மைசூர் என்று ஊர் ஊராகப் போய்க் கல்யாண மண்டபங்களில் சேலைக் கண்காட்சி நடத்துவார்கள். விற்பனை ஆட்கள் லாட்ஜில் தூங்குவார்கள். சேலை மூட்டை வண்டியிலேயே இருக்கும்; காவலுக்குச் சம்பந்தமும் வண்டியிலேயே இருப்பார். அதற்காகப் பின்பக்கத்துச் சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டிலும் சின்ன அலமாரியும் போட்டுக்கொண்டார்.

ஜனங்கள் போனிலேயே சேலை பார்த்து வாங்கத் தொடங்கியதும் கண்காட்சிகள் நின்றன. முதலாளி வண்டியை அவருக்கே விட்டுக்கொடுத்தார். சீட் இல்லாத வண்டியில் ஆள் ஏற்ற முடியாது. சமையல்காரர்களின் அண்டா, பந்தல் சாமான், ஏனாத்தூரில் படிக்கிற பிள்ளைகள் ரூம் மாறினால் அவர்களுடைய மெத்தையும் பக்கெட்டும் என்று கிடைத்த வாடகைக்கு ஓட்டினார்.

மனைவி பெயர் தையல்நாயகி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பாளையத்து வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் வாய்விட்டுப் பேசியதில்லை. வளைகாப்பு, காதுகுத்து என்றால் அவளுக்குச் சமையற்கட்டில் ஏதாவது வேலை வந்து சேரும். கூடத்தில் பாட்டும் சிரிப்பும் கேட்கும்போது அவள் பாயசத்தைக் கிளறிக்கொண்டிருப்பாள். சம்பந்தம் அப்போதெல்லாம் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு ஊரில் சேலை மூட்டைக்கு நடுவில் படுத்திருப்பார்.

ஒருநாள் தெரிந்த டீச்சர் ஒருவர் தையல்நாயகியிடம் ஒரு செய்தி சொன்னார். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால், ஒரு டிரஸ்ட் மலைக்கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் நடத்துகிறது. பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வேண்டுமாம்.

“நான் போய்ப் பாக்கட்டுமாங்க?” என்று கேட்டாள்.

“போய்ப் பாரேன்,” என்றார் சம்பந்தம். ஆறு மாதத்தில் சலித்துப்போய் வந்துவிடுவாள் என்று நினைத்தார். அவள் வரவில்லை. மே மாத லீவுக்கு மட்டும் வந்து போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். பிள்ளைகளின் பேன், பரீட்சை, காய்ச்சல் என்று அவள் பேச்சு முழுக்க அங்கேயே இருக்கும். இவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

அண்ணன் மகன் சிவபாலனுக்கு ஓர் ஆவணியில் கல்யாணம் நடந்தது. தையல்நாயகி வந்து ஓடியாடி வேலை செய்துவிட்டு மலைக்குத் திரும்பினாள். அவள் போன பிறகு, புது மணமக்களுக்கு வீட்டில் இடமில்லை என்ற பேச்சு வந்தது. யாரும் சம்பந்தத்திடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் எல்லாரும் காத்திருந்தார்கள். அவரே சொன்னார்:

“எங்க ரூமை எடுத்துக்கோங்க. நான் ஒண்டி ஆளு, வண்டியில படுத்துக்கறேன்.”

“தையலு வந்தா?” என்றார் மாணிக்கவாசகம்.

“அது வர்றப்போ பாத்துக்கலாம்ணா.”

அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு வந்துவிட்டார். தையல்நாயகி தன் கல்யாணத்தில் சீராகக் கொண்டுவந்த பீரோவை மட்டும் ரேழியில் தள்ளி வைத்தார்கள். இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைப்பார். பேன், பரீட்சை, காய்ச்சல் என்று பேச்சு போய்க்கொண்டிருக்கும். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்ததுபோலத் தலையில் அடித்துக்கொள்வார். உண்மையில் ஞாபகம் முதலிலிருந்தே இருந்தது.

அந்த மார்கழியில் வாடகை குறைவாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் செய்யாறு, ஆரணி, போளூர் வழியாக மலையேறினார். நாலு நாள் அவள் இருக்கிற இடத்தில் இருந்துவிட்டு வரலாம் என்று ஆசை.

ஹாஸ்டலில் பொழுது சாய்ந்தால் ஆண்கள் கேட்டுக்குள் இருக்கக் கூடாது. அந்த ரூலைக் காப்பாற்றுகிற பொறுப்பே தையல்நாயகியுடையது. “ரூலுன்னா எனக்கும்தாங்க,” என்று சொல்லிவிட்டாள். சம்பந்தம் கேட்டுக்கு வெளியே, மைதானத்து ஓரத்தில் ஒரு பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். சாப்பாட்டைத் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினாள்.

காஞ்சிபுரத்தில் அந்த வண்டி இறுக்கமாகத்தான் தெரிந்தது. புழுக்கத்தில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கியவர்தான் அவர். மலையில் அது வேறு வண்டியாக இருந்தது. எல்லாவற்றையும் சாத்தியிருந்தும் காற்று உள்ளே நடமாடியது. முதுகை மூடினால் காலைத் தொட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் பிடரியில் ஊதியது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இளைப்பு உண்டு. நெஞ்சுக்குள் விசில் கேட்க ஆரம்பித்ததும் எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே விடிய வைத்தார்.

காலையில் தையல்நாயகி டீயோடு வந்தாள். டம்ளரை வாங்கிய கை நடுங்கி டீ சிந்தியது.

“இன்னாங்க இது, கை இப்பிடி ஆடுது?”

“ஒண்ணியும் இல்ல. கொஞ்சம் காத்து.”

அவள் பின்கதவு இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். “வண்டி பூரா ஓட்டை. இதுக்குள்ள படுத்தா இளைப்பு வராம இன்னா பண்ணும்? டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. குளிர் போனப்புறம் வாங்க.”

“நாலு நாள் இருக்கலாம்னு வந்தேன்மா.”

“இருந்து? நான் அந்தப் பசங்களப் பாப்பனா, உங்களப் பாப்பனா?”

கோபமாகச் சொல்லவில்லை. வேலை அவசரத்தில் சொன்னாள். உள்ளே யாரோ ஒரு பெண் “அம்மா!” என்று கத்தினாள், தையல்நாயகி “வரேன் வரேன்,” என்று திரும்பி நடந்துவிட்டாள். சம்பந்தம் டம்ளரைக் கழுவி, கேட்டுக் கம்பியில் கவிழ்த்து வைத்துவிட்டு மலையிறங்கினார்.

போளூர் வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. அங்கே வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவள் போகச் சொன்னது குளிருக்காக. குளிர் உள்ளே வராவிட்டால் போகச் சொல்ல மாட்டாள். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

கலீம் பாய் கதையைக் கேட்டுச் சிரித்தார். தைக்கிற ஊசியை உதட்டோரத்தில் கவ்விக்கொண்டே பேசுகிறவர் அவர்.

“காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு குளிருக்கு வண்டி அடைக்கச் சொன்ன மொத ஆளு நீதாண்ணா. எல்லாரும் ஏசி நிக்கலன்னுதான் வருவாங்க.”

சிரித்தாலும் அன்றைக்கே டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். பின்கதவுகளைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் கல்லாக இறுகிப்போயிருந்தது. விரலால் தட்டினால் சத்தம் வந்தது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் ஓடுகிற பள்ளத்தில் இருக்க வேண்டிய வெல்வெட் பட்டை தேய்ந்து, கண்ணாடி கடகடவென்று ஆடியது. கியர் கம்பியைச் சுற்றிய உறை கிழிந்து, அதன் வழியாகக் கீழே ரோடு தெரிந்தது. ஒவ்வொன்றாக மாற்றினார்கள். கலீம் பாய் கியருக்குப் புது ரெக்சின் உறை தைத்தார். டிரைவர் சீட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தொங்கவிட, ஃபோம் வைத்துக் கனமான திரை ஒன்றும் தைத்துக் கொடுத்தார். தன் வேலைக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் செய்ததால் பங்குனி, சித்திரை என்று அது நீண்டுகொண்டே போனது.

அந்த மே மாதம் தையல்நாயகி ஊருக்கு வரவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் சிலர் லீவிலும் தங்கிப் படிக்கிறார்கள் என்றாள். சம்பந்தத்துக்கு அதைக் கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி. ரூம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிம்மதி அடங்கிய பிறகுதான் துக்கம் வந்தது.

ஆடி பிறந்ததும் கலீம் பாய் ஒரு யோசனை சொன்னார். அடைத்தது சரியா என்று பார்க்கக் குளிர் வருகிற வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும், காற்று இருந்தால் போதுமே என்றார். ஒரு ஞாயிறு காலையில் இருவரும் வண்டியைத் தென்னேரிக்கு ஓட்டிப்போய் ஏரிக்கரை மேல் நிறுத்தினார்கள். மேற்கிலிருந்து ஆடிக் காற்று கரையை அறைந்துகொண்டிருந்தது. வண்டி லேசாக ஆடியது. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, சம்பந்தம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சுவர் ஓரமாக மெல்ல நகர்த்தினார். பின்கதவுப் பக்கம் புகை நேராக மேலே போனது. கண்ணாடிப் பக்கமும் அப்படியே. “ஜெயிச்சிட்டோம்ணா,” என்றார் கலீம் பாய்.

கட்டிலருகே ஊதுபத்தியைத் தாழ்த்தியதும் புகை சட்டென்று கலைந்து சிதறியது. எங்கே வைத்தாலும் அந்த இடத்தில் புகை நிற்கவில்லை. மிதியடி விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள். தரைத் தகட்டில் வரிசை வரிசையாக ஓட்டைகள். பல வருஷத்துக்கு முன்னால் சீட்டுகளைக் கழற்றியபோது போல்ட்டுகள் இருந்த இடங்கள். கழற்றியது சம்பந்தமேதான். மேலே விரிப்பைப் போட்டதோடு அவற்றை மறந்துவிட்டார்.

கலீம் பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “இன்னாண்ணா இது, பல்லாங்குழி ஆடலாம் போலக்குது!”

ஊர் திரும்பி அந்த ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தார்கள். விளிம்பில் பசை பூசினார்கள். மேலே பிளைவுட்டும் ஃபோமும் போட்டு, கெட்டியான விரிப்பை ஒட்டினார்கள். பெடல்களுக்குப் பின்னால் வயர் போகிற துளைகளுக்கு ரப்பர் வளையம் மாட்டினார்கள். மறுபடி தென்னேரிக் கரைக்குப் போய் ஊதுபத்தி கொளுத்தியபோது புகை எங்கும் நூல் பிடித்த மாதிரி நேராக எழுந்தது.

மாலைத் தொழுகை நேரம் ஆகிவிட்டால் கலீம் பாய் கடையைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். வீட்டில் மகள் ரூக்ஷார் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பேரனைக் கொஞ்சுகிற அவசரம். சம்பந்தம் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்துவார். காற்றை அடைத்தால் சத்தமும் அடைபடும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முன்பெல்லாம் ஷேர் ஆட்டோக்காரர்கள் “ஐயம்பேட்டை, வாலாஜாபாத்” என்று கூவுவது, எதிர் டீக்கடைப் பாட்டு, கடைசி பஸ் பிரேக் போடுவது எல்லாம் படுத்திருக்கும்போது காதில் விழும். இப்போது ஒன்றும் வரவில்லை. அவருடைய மூச்சு மட்டும் அவருக்குக் கேட்டது. சில நாள் பின்கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துவிட்டுத்தான் தூங்கினார். இத்தனை வேலையும் செய்து கொடுத்த கலீம் பாயிடம் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

தீபாவளி கழிந்து மழை பிடித்த ஒரு காலையில் முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து எழுந்தார். கூரை ஒழுகுகிறது என்று ஏறிப் பார்த்தால் மேலே ஒரு கீறலும் இல்லை. உள்பக்கம் தகடு முழுக்க வியர்த்திருந்தது.

“உள்ள ஆளு இருந்தா மூச்சு உடுவான்ல? அது எங்கதான் போவும்?” என்றார் கலீம் பாய். “முழுக்க மூடுனா ஆளுக்கே ஆபத்துண்ணா. கொஞ்சம் வழி உடணும்.” கூரையை ஒட்டி, காற்று நேராக அடிக்காத பக்கத்தில் ஒரு சின்னத் திறப்பு வைத்து, கொசுவலை அடித்து, தள்ளி மூடுகிற மாதிரி ஒரு பலகை பொருத்தினார்கள். அடுப்பை எப்போதும் வெளியில்தான் பற்றவைக்க வேண்டும் என்று கலீம் பாய் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மறு மார்கழியில் சம்பந்தம் மலையேறினார். கேட்டுக்கு வந்த தையல்நாயகி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மறுபடியும் குளிர்லயா? சொன்னா கேக்க மாட்டீங்களா?”

“காலையில வந்து பாரு. அப்பறம் பேசு.”

காலையில் அவள் டீ கொண்டுவந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்ட வேண்டியிருந்தது. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து வெதுவெதுப்பு அவள் முகத்தில் பட்டது. அவள் பீடிங்கை அழுத்திப் பார்த்தாள். குனிந்து தரையைத் தடவினாள்.

“யாரு செஞ்சது இதெல்லாம்?”

“நானும் கலீம் பாயும்.”

“எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள், “டீ ஆறுது, குடிங்க,” என்றாள்.

மதியம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவளே வந்தாள். அவர் சாப்பிடுகிற வரைக்கும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கிச்சனில் சாமை தீர்ந்துபோனதையும் தண்ணீர் மோட்டார் கெட்டதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். ஒரு வார்த்தையின் பாதியில் தூங்கிப்போனாள்.

சம்பந்தம் தட்டைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தார். பகலில் அவள் தூங்கி அவர் பார்த்ததே இல்லை. பாளையத்து வீட்டில் படுக்க விட மாட்டார்கள். இங்கே நாற்பது பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. தலையணையை நகர்த்தி வைத்து, போர்வையை மேலே இழுத்துவிட்டு, சத்தம் வராமல் இறங்கிக் கதவைச் சாத்தினார்.

மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார். முதலில் வெயில் இருந்தது. பிறகு வெயில் எதிர் மலைக்குப் பின்னால் போனது. காற்று எழுந்தது. ஸ்வெட்டரும் துண்டும் உள்ளே கிடந்தன. கதவைத் திறந்தால் குளிர் உள்ளே போகும், அவள் விழித்துவிடுவாள். கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். ஒருத்தி வண்டியைப் பார்த்து, “அம்மா எங்க?” என்று கேட்டாள்.

“தூங்குறாங்கம்மா.”

அவர்கள் நம்பாமல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்கள். பார்த்தபின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து போனார்கள்.

தையல்நாயகி எழுந்து கதவைத் தள்ளியபோது வெளிச்சம் குறைந்திருந்தது. “ஐயோ, பசங்க வந்துட்டாங்களா? எழுப்பக் கூடாதா?” என்று பதறியவள், வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்து, தன் சூடு மிச்சமிருந்த போர்வையை அவர் மேல் சுற்றினாள். கதவைச் சாத்தினாள். அவள் உடனே போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை.

“ஒண்ணு சொல்லணுங்க,” என்றாள். “வாலாஜாபாத் பக்கம் நம்ம டிரஸ்ட் புதுசா ஒரு ஹாஸ்டல் தொறந்துக்கிறாங்க. என்னைத்தான் மொதல்ல கேட்டாங்க. ஊருக்குப் பக்கமாச்சே, போறியான்னு.”

“எப்ப கேட்டாங்க?”

“ஆவணியில.”

“நீ இன்னா சொன்ன?”

“முடியாதுன்னுட்டேன்.”

சம்பந்தம் போர்வை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலாஜாபாத் என்றால் அவருடைய காலி மனையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே தையலு.”

“நீங்க எங்கிட்ட கேட்டீங்களா? அங்க வந்தா லீவு நாளுக்கு நான் பாளையத்து வூட்டுக்கு வரணும். எந்த ரூமுக்கு வருவேன்?”

சம்பந்தம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“உங்க அண்ணி மஹாலட்சுமி அக்கா அப்பவே போட்டோ அனுப்புனாங்க, புதுப் பொண்ணுக்கு ரூம் ஜோடிச்சிட்டோம்னு. நம்ம பீரோ இருந்த எடத்துல அவங்க கட்டில். சரி, இவரு சொல்லுவாருன்னு பாத்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாத்தேன். போன மார்கழியில இங்கயே வந்தீங்க, அப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

“சொல்ல வாய் வரலம்மா. நீ வருத்தப்படுவியேன்னு.”

“ரூமுக்கு நான் வருத்தப்படல. அது என்னிக்கி என் ரூமா இருந்துது? நீங்க வண்டியில படுத்துக்கினு, வூட்ல இருக்கற மாதிரியே எங்கிட்ட போன்ல பேசிக்கினு இருந்தீங்க பாருங்க, அதான்.”

நழுவிய போர்வையை அவர் தோளில் ஏற்றிவிட்டு அவளே சொன்னாள். “ரூம் இருந்திருந்தாக்கூட வந்திருப்பனோ இன்னாவோ, தெரில. இங்க எனக்குன்னு ஒரு சாவி இருக்குது. நானே பூட்டுறேன், நானே தொறக்கறேன். ‘அம்மா’ன்னு கூப்புட்டா அது என்னைத்தான்.”

சம்பந்தம் தலையை ஆட்டினார். அவள் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை என்பதுதான் அவருக்கு வலித்தது. ஒரு வருஷமாக அவர் அடைத்துக்கொண்டிருந்தது காற்று வருகிற வழியை மட்டும்தான்.

“அப்ப நான் இன்னா பண்ணட்டும்?”

“வந்துக்கினு இருங்க,” என்றாள். “சொல்லிட்டு வாங்க. போறப்பவும் சொல்லிட்டுப் போங்க.” எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். உள்ளே பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு கத்துகிற சத்தம், கதவு திறந்த அந்தக் கணத்தில் கேட்டு, மூடியதும் நின்றது.

இந்தத் தடவை நாலு நாளும் இருந்தார். மதியங்களில் அவள் வருவாள். சில நாள் தூங்குவாள், சில நாள் சும்மா உட்கார்ந்திருப்பாள். ரூமைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை. அவளுக்குக் கோபம் போய்விட்டதா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிளம்பும்போது கேட்டுக்குப் போய், “போயிட்டு வரேன்மா,” என்று சொன்னார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வண்டி திரும்புகிற வரை நின்றாள்.

ஊரில் மாணிக்கவாசகம் கேட்டார்: “தையலு எப்பப்பா வருது? வயசாவுது ரெண்டு பேருக்கும். எத்தினி நாளிக்கி இப்பிடி?”

“அவ வரமாட்டாண்ணா,” என்றார் சம்பந்தம். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணன் நூல் அறுந்த இடத்தைப் பிணைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “அப்ப அந்த பீரோவ எடுத்துக்கோயேன். ரேழியில போற வர்றவங்க இடிச்சிக்கறாங்க.”

மே மாதம் அந்த பீரோவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனார். முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தார். பகல் என்பதாலும் கனமான சாமான் என்பதாலும் அவரைக் கேட்டுக்குள் விட்டார்கள். பக்கத்து ஊர் ஆட்கள் இரண்டு பேரும் அவருமாகத் தூக்கி, தையல்நாயகியின் அறையில் வைத்தார்கள். அவள் அறையை அவர் பார்ப்பது அப்போதுதான். ஒரு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல், சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படங்கள். பீரோ வந்ததும் நடக்க இடம் குறைந்துபோனது. கூட வந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். சம்பந்தம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கதவருகே நின்றார்.

“உக்காருங்க,” என்றாள். அவர் கட்டில் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அவள் பீரோவைத் திறந்து தன் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள். சேலைகள் ஒரு தட்டைக்கூட நிரப்பவில்லை. அடுக்கி முடித்ததும் இருவரும் வெளியே வந்தார்கள். அவள் கதவைப் பூட்டினாள்.

லீவு முடிகிறவரை வண்டி கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றது. மாலைகளில் அவள் வந்து உட்காருவாள். ஜூன் பிறந்து பிள்ளைகள் பெட்டியோடு வரத் தொடங்கியதும் அவர் சொல்லிக்கொண்டு கிளம்பினார். பீரோ இருந்த இடம் வண்டிக்குள் வெறுமையாக இருந்தது. வளைவுகளில் அங்கே ஒரு காலி பக்கெட் உருண்டுகொண்டே வந்தது.

அவர் இப்போதும் அந்தக் காலி மனையில்தான் இருக்கிறார். வருஷத்தில் மூன்று தடவை மலைக்குப் போகிறார். அந்த ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வீட்டு ஞாபகத்தில் அழுகிறார்கள் என்று தையல்நாயகி சொன்னாள்.

“எத்தினி பேரு?” என்று கேட்டார் சம்பந்தம்.

“ஆறு பேருங்க.”

“பேரெல்லாம் இன்னா?”

இதுவரை அவர் அப்படிக் கேட்டதில்லை. அவள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். எந்த ஊர், யார் சாப்பிட மறுக்கிறாள், யார் பாவாடையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறாள் என்றும் சொன்னாள். அவர் வண்டியின் பின்கதவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.